மிருச்சகடிகத்தைத் தமிழில் மேடையேற்றும்போது பாத்திரங்களின் பெயரை மாற்றலாமா?

ஒத்திகைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பில் ஒரு சின்ன நாடகக் குழு இருக்கிறது, பொங்கலுக்கு வழக்கமாக ஏதாவது சிரிப்பு நாடகம் போடுவோம். இந்தத் தடவை ஆசை கொஞ்சம் பெரிதாகி, சூத்திரகர் வடமொழியில் எழுதிய மிருச்சகடிக நாடகத்தைச் சுருக்கிப் போடலாம் என்று இறங்கிவிட்டோம். பத்து அங்கத்தையும் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடக்க வேண்டும், அதைக்கூட ஒரு வழியாகச் சமாளித்துவிட்டோம், இப்போது தகராறு பெயர்களில் வந்து நிற்கிறது. சம்வாககன், சம்ஸ்தானகன், ஸ்தாவரகன், வர்த்தமானகன், தர்துரகன், கர்ணபூரகன்... வாசிப்பு ஒத்திகையில் பாதிப் பேருக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டது. வர்த்தமானகன், ஸ்தாவரகன் இரண்டு பேரும் வண்டிக்காரர்கள், அவர்கள் வண்டி மாறிப்போவதுதான் கதையின் முடிச்சே. எது யாருடைய வண்டி என்று நடிக்கிறவனுக்கே குழப்பம் என்றால் கீழே பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் பாவம் என்ன செய்வார்கள்?

எல்லாரையும் முத்து, மாரி, வேலு என்று மாற்றிவிட்டால் போச்சு என்கிறது ஒரு கோஷ்டி. எனக்கு மனசு வரவில்லை, ஆனால் வேண்டாம் என்று சொல்லக் கையில் காரணமும் இல்லை. இந்தப் பெயர்களுக்கெல்லாம் பொருள் உண்டா? நாடகாசிரியர் யோசித்து வைத்ததா, இல்லை அந்தக் காலத்தில் சும்மா புழங்கிய பெயர்களா? எதை மாற்றினால் நாடகம் அடிவாங்கும், எதை மாற்றினால் ஒருவருக்கும் தெரியாது? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் அடுத்த ஒத்திகையில் தைரியமாகப் பேசுவேன்.

பொதிகைவாசி:

பொருளும் உண்டு, விதியும் உண்டு. விதியை முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால் பாதிப் பெயர்கள் தானாக விளங்கிவிடும். வணிகன் என்றால் பெயர் 'தத்தன்' என்று முடியட்டும், கணிகை என்றால் 'தத்தை', 'சேனை' போல முடியட்டும், பணிப்பெண்களுக்குப் பூக்களின் பெயர், வேலைக்காரனுக்கு மங்கலமான பெயர் என்று நாட்டிய சாஸ்திரமே சொல்கிறது. பின்னால் வந்த சாகித்திய தர்ப்பணம் என்ற இலக்கண நூல் இன்னும் ஒரு படி போய், ஏவலாட்களுக்கு வசந்தம் முதலான பருவங்களில் புலவர்கள் வருணிக்கிற பொருள்களின் பெயரை வைக்கலாம் என்கிறது. ஆகவே கதாநாயகன் பெயர் சாருதத்தன் என்றதும் அந்தக் காலத்து ரசிகனுக்கு இது வணிகர் வீடு என்று புரிந்திருக்கும். பிறப்பால் பிராமணன், ஆனால் சார்த்தவாகர், அதாவது வணிகக் கூட்டத்தை நடத்துகிறவர்களின் குடும்பம். பத்தாம் அங்கத்தில் அவனைக் கொலைக்களத்துக்கு நடத்திப் போகும்போது பறையறைந்து சொல்வார்களே, 'விநயதத்தனின் பேரன், சாகரதத்தனின் மகன், சாருதத்தன்' என்று, மூன்று தலைமுறையும் தத்தன்தான். அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள். மானத்தோடு வாழ்ந்த ஒரு வீட்டின் பெயர் தெருவில் கூவப்படுகிறது, அதுதான் அந்தக் காட்சியின் வலி.

இதெல்லாம் வெறும் சடங்கு என்று தோன்றலாம், முதல் அங்கத்தைத் திரும்பப் படியுங்கள். இருட்டில் கதாநாயகியான கணிகை வசந்தசேனை ஓடுகிறாள், வில்லன் சகாரனும் கூட்டாளிகளும் துரத்துகிறார்கள். அவள் தன் ஆட்களைக் கூப்பிடுகிறாள்: "பல்லவகா! பல்லவகா! பரபிருதிகை! பரபிருதிகை!" சகாரன் நடுங்கிப்போகிறான், ஆள் வருகிறது, ஆள் வருகிறது என்று. அவள் "மாதவிகை!" என்றும் கூப்பிட்ட பிறகு, சகாரன் கூட இருக்கிற விடன் என்கிற தோழன் சிரித்துக்கொண்டே, மடையா, அவள் தன் பரிவாரத்தைத் தேடுகிறாள் என்கிறான். பெண்கள்தானா என்று தெரிந்ததும் இவனுக்கு வீரம் வந்துவிடுகிறது, நூறு பெண்களைக் கொல்வேன் என்று மார்தட்டுகிறான். இப்போது பெயர்களைப் பாருங்கள். பல்லவம் தளிர், பரபிருதம் குயில், மாதவி குருக்கத்திக் கொடி, எல்லாமே வசந்த காலத்துச் சரக்கு. அவள் பெயரோ வசந்தசேனை, வசந்தத்தின் படை. படைத்தலைவி தன் படையைக் கூப்பிடுகிறாள், ஒரு ஆள் வரவில்லை. சகாரன் இதைப் பிடித்துக்கொண்டு, "கூப்பிடு, குயிலைக் கூப்பிடு, தளிரைக் கூப்பிடு, வசந்த மாசம் முழுவதையுமே கூப்பிடு, உன்னை யார் காப்பாற்றுகிறார்கள் பார்ப்போம்" என்கிற பொருளில் கத்துகிறான். இலக்கண நூல் விதியாகச் சொல்வதை இந்த மனுஷன் அப்படியே ஒரு திகில் காட்சியாகவும் நகைச்சுவையாகவும் ஆக்கிவிட்டார். அவளை வசந்தா ஆக்கி, வேலைக்காரர்களை முத்து மாரி ஆக்கினால் இந்த வசனம் அத்தனையும் செத்துப்போகும்.

அடுத்து சகாரன். அது அவன் பெயரே இல்லை, பெயர் சம்ஸ்தானகன். ஸகரம் வர வேண்டிய இடத்தில் எல்லாம் ஶகரம் போட்டுப் பேசுவதால் 'ஶகாரன்'. வாயைத் திறந்தால் 'வஷந்தஷேனை' என்பதுபோல வரும். ராஜாவின் மச்சினன் என்கிற திமிரும், தப்புத் தப்பாகப் புராணம் சொல்கிற அழகும் சேர்ந்துகொள்ளும். ராமனைக் கண்டு பயந்த திரௌபதி மாதிரி ஏன் ஓடுகிறாய் என்று கேட்பான். அனுமான் சுபத்திரையைத் தூக்கிப்போன மாதிரி உன்னைத் தூக்கிப்போவேன் என்பான், அதிலும் அந்தச் சுபத்திரை விசுவாவசுவின் தங்கையாம்! தமிழில் செய்ய இதைவிடச் சுலபமான நகைச்சுவை கிடையாது. அந்த நடிகர் எல்லாச் சகரத்தையும் ஷகரமாக்கிப் பேசட்டும், 'ஷரி ஷரி, ஷீக்கிரம் வா' என்று. இரண்டாவது வசனத்திலேயே ஜனம் சிரிக்கும், எட்டாம் அங்கத்தில் அதே வாய் கொலை செய்யச் சொல்லும்போது சிரித்தவர்கள் வாயடைத்துப்போவார்கள்.

வண்டிக்காரர்கள் விஷயம். வர்த்தமானகன் என்றால் வளர்கிறவன், சாஸ்திரம் சொன்ன மங்கலப் பெயர், அவ்வளவுதான். ஸ்தாவரகன் அப்படி இல்லை. ஸ்தாவரம் என்றால் அசையாதது. வண்டி ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு அசையாதவன் என்று பெயர்! முதலில் இது வெறும் கேலியாகத்தான் படும். எட்டாம் அங்கத்தில் சகாரன் அவனிடம் வசந்தசேனையைக் கொல் என்கிறான், பொன் வளையல் தருகிறேன் என்கிறான், பிறகு அடிக்கிறான். அவன் நகரவில்லை. ஏற்கெனவே விதிவசத்தால் அடிமையாகப் பிறந்திருக்கிறேன், இன்னும் பாவத்தை விலைக்கு வாங்கமாட்டேன் என்கிறான். நாடகத்திலேயே கடைசிப் படியில் இருக்கிற ஆள், அந்த இடத்தில் மலை மாதிரி நிற்கிறான். இந்தப் பெயரை மாற்றாதீர்கள், தமிழ் வாய்க்கு ஏற்றபடி 'தாவரகன்' என்று ஆக்கிக்கொள்ளுங்கள், ஜனங்களுக்குத் தெரிந்த தாவரம் என்ற சொல்லும் அதுவேதான்.

தர்துரகன், மாதுரன், கர்ணபூரகன் எல்லாம் உங்கள் இஷ்டம். தர்துரம் தவளை, கர்ணபூரம் காதணி. நேரம் போதவில்லை என்றால் அவர்களையே வெட்டலாம், இரண்டாம் அங்கத்துச் சூதாட்டக் காட்சியை வெட்ட மனசு வந்தால்.

கணக்குப்பிள்ளை:

பொதிகைவாசி அழகாகச் சொல்கிறார், வசந்தசேனை காட்சி விஷயத்தில் நானும் கட்சி மாறிவிட்டேன், ஆனால் கொஞ்சம் பிரேக் போட வேண்டியிருக்கிறது. பெயருக்குப் பொருள் தேட ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாது. உதாரணத்துக்கு நாடகத்தில் வருகிற அரசன் பாலகன். காப்பவன் என்று பெயர், நாடகத்தில் கொடுங்கோலன், கடைசியில் வேள்விச்சாலையில் பலி ஆடு மாதிரி வெட்டப்படுகிறான், ஆஹா என்ன முரண் என்று எழுதிவிடலாம். எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் பாலகன் சூத்திரகர் கற்பித்த பெயரே இல்லையே. உஜ்ஜயினியை ஆண்ட பிரத்யோதனின் மகன் பாலகன் என்று பழைய அரச வரிசைகளிலேயே இருக்கிறது. முரண் தானாக வந்து விழுந்தது, ஆசிரியர் குனிந்து எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அவனைக் கவிழ்க்கிற ஆரியகனை 'கோபாலதாரகன்' என்கிறார்கள். இடையர் வீட்டுப் பையன் என்று எல்லாரும் படிக்கிறோம். பாலகனுக்குக் கோபாலன் என்று ஒரு அண்ணன் உண்டு என்கிற கதையைச் சேர்த்துப் பார்த்தால் 'கோபாலனின் மகன்' என்றும் படிக்கலாம். அப்படிப் படித்தால் ஏழை புரட்சி செய்த கதை சித்தப்பனுக்கும் அண்ணன் மகனுக்கும் நடந்த சண்டையாகிவிடும்! எனக்கு இடையர் வீட்டுப் பையனே போதும்.

விதியைப் பற்றியும் ஒன்று. சாருதத்தனின் மகன் பெயர் ரோகசேனன். கணிகைக்கும் 'சேனை', அந்த வீட்டுப் பிள்ளைக்கும் 'சேனன்'. மண் வண்டி வேண்டாம், பக்கத்து வீட்டுப் பையன் வைத்திருந்த மாதிரி பொன் வண்டிதான் வேண்டும் என்று அழுகிற அந்தக் குழந்தையின் வண்டியில் வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி நிரப்புகிறாள், நாடகத்துக்கே பெயர் அந்த வண்டியிலிருந்துதான். ஒருவர் பாக்கியில்லாமல் 'சேனையும் சேனனும், தாயும் பிள்ளையும்' என்று கட்டுரை எழுதத் தயாராக இருப்பார்கள். நான் அதற்கு வரமாட்டேன்.

இதே கதையின் பழைய வடிவம் பாஸர் என்ற பழைய நாடகாசிரியருடையது என்று சொல்லப்படுகிற சாருதத்தம், கணபதி சாஸ்திரி கண்டெடுத்து 1912 முதல் திருவனந்தபுரத்தில் வெளியிட்ட நாடகங்களில் ஒன்று, நாலு அங்கம்தான் கிடைத்திருக்கிறது. அதில் சுவரில் கன்னம் வைக்கிற திருடனின் பெயர் சஜ்ஜலகன். மிருச்சகடிகத்தில் அதே ஆள் சர்விலகன். பெயர் மாறியதால் திருட்டில் ஒரு குறையும் இல்லை, பூணூலை அளவு நூலாக வைத்துச் சுவரை அளக்கிற அந்தக் காட்சி அப்படியே தூக்கி நிற்கிறது. ஆகவே ஒத்திகைக்காரரே, பயப்படாதீர்கள், பழைய ஆட்களே மாற்றியிருக்கிறார்கள்.

மாடிப்படி_வாசகி:

கணக்குப்பிள்ளை அண்ணா சொல்வது சரி, ஆனால் பெயருக்குப் பொருள் இருக்கிறதா என்பதைவிட அந்தப் பொருள் மேடையில் யாராவது வாயில் வருகிறதா என்று பார்க்கலாமே. ரசிகன் அகராதியோடு வருவதில்லை. நாடகத்துக்குள்ளேயே பெயர் வேலை செய்தால் அதைத் தொடக்கூடாது, இல்லையென்றால் தாராளமாக மாற்றலாம்.

காளிதாசரின் சாகுந்தலத்தில் பிரியம்வதை என்று ஒரு தோழி, இனிமையாகப் பேசுகிறவள். அது சும்மா பெயராகவே போயிருக்கும், ஆனால் முதல் அங்கத்திலேயே அவள் சகுந்தலையைப் பார்த்து, நீ பக்கத்தில் நிற்பதால் இந்த மகிழமரம் கொடியைக் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்கிறாள், உடனே சகுந்தலை, இதனால்தான் உனக்குப் பிரியம்வதை என்று பெயர் என்கிறாள். முடிந்தது, இனி யாருக்கும் மறக்காது.

ஏழாம் அங்கம் இன்னும் மேலே. துஷ்யந்தன் எதிரில் ஒரு குட்டிப் பையன் சிங்கக்குட்டியின் வாயைத் திறந்து பல் எண்ணப் பார்க்கிறான், பெயர் சர்வதமனன், எல்லாரையும் அடக்குகிறவன், ஆசிரமத்துக்காரர்கள் வைத்த பெயர். அவன் கவனத்தைத் திருப்ப ஆசிரமத்துத் தவப்பெண் ஒருத்தி மண் மயிலைக் கொண்டுவந்து, இந்தச் சகுந்தத்தின் லாவண்யத்தைப் பார் என்கிறாள், பறவையின் அழகைப் பார் என்று அர்த்தம். 'சகுந்தலாவண்யம்' என்று சேர்த்து காதில் விழுந்ததும் பையன் நிமிர்ந்து, அம்மா எங்கே என்கிறான். பக்கத்தில் நிற்கிற ராஜாவுக்கு மூச்சே நின்றுபோகிறது, இவன் அம்மா பெயர் சகுந்தலையா என்று. அந்த இடத்தில் கதாநாயகியின் பெயர் வேறு எதுவாக இருந்தாலும் காட்சியே கிடையாது.

சாணக்கியன் கதையான முத்ராராட்சச நாடகமும் இப்படித்தான் ஆரம்பிக்கும். நாடகத்தைத் தொடங்கி வைக்கிற சூத்திரதாரன் தன் மனைவியிடம் சந்திர கிரகணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான், கேதுவோடு சேர்ந்த கொடிய கிரகம் சந்திரனைப் பிடிக்கப் பார்க்கிறது என்று. திரைக்குப் பின்னாலிருந்து சாணக்கியன் குரல்: நான் இருக்கும்போது சந்திரனைத் தொடப்போகிறவன் எவன்? அவன் காதில் சந்திரன் என்றால் சந்திரகுப்தன்தான். ஆள் மேடைக்கு வருமுன்னே அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துவிட்டது. தொடர்ந்து அவனைக் 'கௌடில்யன், குடிலமதி' என்று அறிமுகப்படுத்துகிறார்கள், வளைந்த புத்திக்காரன். ஆனால் எதிர்த்தரப்பு மந்திரியின் பெயர் ராட்சசன். பெயரைப் பார்த்துப் பயந்தால் ஏமாந்தீர்கள், நாடகத்திலேயே விசுவாசத்துக்குப் பேர்போன மனிதன் அவன். செத்துப்போன நந்தர்களுக்காகக் கடைசிவரை போராடுகிறவன். அவனை அடக்கிப் போட முடியாது, மனசை வென்று தன் பக்கம் இழுக்க வேண்டும் என்று சாணக்கியனே நினைக்கிறான், முழு நாடகமும் அந்த இழுபறிதான்.

செண்பகராமன்புதூர்_காரன்:

குடிலமதி என்றதும் மனோன்மணீயம் நாடகம் ஞாபகம் வந்தது, அதை யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். சுந்தரம் பிள்ளை 1891-ல் வெளியிட்டது, நீராரும் கடலுடுத்த அதன் பாயிரத்தில் வருவதுதான் என்பது எல்லாருக்கும் தெரியும், நாடகத்தைப் படித்தவர்கள் கம்மி. கதை லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கவிதையிலிருந்து எடுத்தது, பெயர்கள் முழுக்க இவருடையவை. பாண்டிய ராஜா ஜீவகன், மந்திரி குடிலன், குரு சுந்தர முனிவர், மகள் மனோன்மணி, கனவில் வந்து அவள் மனசைப் பிடிக்கிற சேரன் புருடோத்தமன். ஜீவன் ஒரு பக்கம் வளைந்த புத்தியை நம்பிக் கெடுகிறது, இன்னொரு பக்கம் குரு யாருக்கும் தெரியாமல் சுரங்கம் வெட்டி வழி வைத்திருக்கிறார், முடிவில் அந்த வழியாகப் புருடோத்தமன் என்கிற பரம்பொருளே வந்து சேர்கிறது. சைவ சித்தாந்தம் தெரிந்தவர்களுக்கு மனோன்மணி சக்தியின் பெயர், குடிலை என்றால் மாயை. பலரும் இதை இப்படித்தான் படிக்கிறார்கள், படிக்கவும் சுகமாக இருக்கிறது.

ஆனால் மேடைக்கு இது ஒரு கஷ்டம். குடிலன் என்று பெயர் வைத்த ஆளை மந்திரியாக வைத்துக்கொண்டு அவன் சொன்னதையெல்லாம் கேட்கிற ராஜா மேல் நமக்கு எரிச்சல்தான் வருகிறது, பரிதாபம் வரமாட்டேன் என்கிறது. பெயரைக் கேட்ட எங்களுக்கே தெரியுதேய்யா, உனக்குத் தெரியலையா! சுந்தர முனிவரின் சீடர்கள் நிட்டாபரர், கருணாகரர் இரண்டு பேரும் நிஷ்டை பெரிதா, பிறருக்கு இரங்கித் தொண்டு செய்வது பெரிதா என்று வாதம் செய்கிறார்கள், யார் எந்தக் கட்சி என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. படிக்கிறவனுக்கு வசதி, நடிக்கிறவனுக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை.

பென் ஜான்சனின் வோல்போனே நாடகமும் இதே ரகம்தான். வோல்போனே நரி, அவன் கையாள் மோஸ்கா ஈ, சொத்துக்காக வோல்போனே எப்போது சாவான் என்று காத்திருக்கிற வக்கீல் வோல்டோரே பிணந்தின்னிக் கழுகு, அதே போலக் காத்திருக்கிற இன்னும் இரண்டு பேர் காக்கைகள். ஆனால் அங்கே இவர்களில் யாரையும் நல்லவன் என்று நம்பச் சொல்லவில்லை, இந்தப் பெயர்க்காரர்கள் எல்லாருமே திருடர்கள், அதனால் பெயர் கெடுக்கவில்லை.

ஒத்திகைக்காரன்:

அடேயப்பா, கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது, எல்லாருக்கும் நன்றி. வசந்தசேனை, சகாரன், தாவரகன் மூன்றும் நிற்கும், சண்டை போட்டாவது. வர்த்தமானகனை 'வர்த்தன்' என்று சுருக்கிவிட்டோம். சம்வாககன்தான் பாக்கி, பெயரே உடம்பு பிடித்துவிடுகிறவன் என்ற தொழில்தானே, அதை என்ன செய்ய? அப்புறம் சந்தனகன், வீரகன் என்று இரண்டு காவல் அதிகாரிகள். அவர்களுக்கு ஏதாவது இருக்கிறதா, இல்லை 'காவலர் 1', 'காவலர் 2' என்று விட்டுவிடலாமா?

பொதிகைவாசி:

ஐயோ, சந்தனகனைத் தொடாதீர்கள், நம்ம ஊர்ப்பக்கத்து ஆள் அவன்! ஆறாம் அங்கம். சிறையிலிருந்து தப்பிய ஆரியகன் சாருதத்தனின் வண்டிக்குள் ஒளிந்திருக்கிறான், சந்தனகன் எட்டிப் பார்த்துவிட்டு அடைக்கலம் கொடுத்துவிடுகிறான். வெளியே வந்து வீரகனிடம் சொல்லும்போது வாய் குழறி 'ஆரியர்' என்று ஆணாக ஆரம்பித்து, சட்டென்று 'இல்லை இல்லை, ஆரியை வசந்தசேனை' என்று பெண்ணாக மாற்றுகிறான். வீரகன் பிடித்துக்கொள்கிறான். அதற்கு இவன் சமாளிக்கிற அழகைப் பாருங்கள்: நாங்கள் தெற்கத்திக்காரர்கள், எங்கள் பேச்சு தெளிவாக இருக்காது, கர்ணாடம் திராவிடம் சோழம் என்று ஏகப்பட்ட பாஷை எங்களுக்கு, ஆண்பால் பெண்பால் எல்லாம் முன்னே பின்னே வரும் என்கிற பாணியில் ஒரு நீளப் பட்டியல் போடுகிறான். சந்தன மரம் தெற்கு மலைச் சரக்கு என்பது வடமொழிக் கவிகளுக்கெல்லாம் மனப்பாடம், ஆகவே தெற்கத்திக்காரனுக்குச் சந்தனகன் என்று வைத்தது தற்செயலாக இருக்காது என்பது என் எண்ணம், கணக்குப்பிள்ளை சண்டைக்கு வந்தாலும் சரி. அந்த வசனத்தைத் திருநெல்வேலிப் பேச்சில் போட்டுப் பாருங்கள், 'எங்களுக்கு அப்படித்தாம்லே வரும்' என்று. வீரகன் வெறும் மிடுக்குப் பெயர், அதற்கு என்ன வேண்டுமானாலும் வையுங்கள்.

சம்வாககனைப் பெயரே இல்லாமல் விட்டுவிடுங்கள். முதலில் 'உடம்பு பிடிக்கிறவரே' என்று கூப்பிடட்டும், சூதில் தோற்று, வசந்தசேனை கடனை அடைத்து, அவன் துறவியான பிறகு 'பிக்குவே' என்று கூப்பிடட்டும். அவளை உயிரோடு மீட்டுக்கொண்டு வருகிற ஆளும் அவன்தானே, அதனால் ஒரே நடிகர் என்பது மட்டும் ஜனங்களுக்குத் தெரிய வேண்டும், காவி கட்டினாலும் முகத்தை மறைக்கச் சொல்லாதீர்கள். படி கிடைத்தால் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் மொழிபெயர்த்த மண்ணியல் சிறுதேர் ஒரு தடவை புரட்டுங்கள், உங்கள் வசனத்தை அப்படியே அந்த நடையில் எழுத முடியாது, ஆனால் அந்தத் தலைப்பை மட்டும் விளம்பரத் தட்டியில் போட்டுக்கொள்ளலாம், மிருச்சகடிகம் என்று போட்டால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் மருந்துக் கடை விளம்பரம் என்று நினைத்துவிடுவார்கள்.

கணக்குப்பிள்ளை:

சந்தனகனுக்கு மட்டும் சண்டைக்கு வரவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். நாடகத் தேதியை இங்கே போடுங்கள், சகாரனாக யார் என்பதையும். ஷகரத்தை மூன்று காட்சிக்கு மேல் விடாமல் பிடிப்பது பெரும்பாடு, நடுவில் மறந்து ஒரு 'சரி' சொல்லிவிட்டால் முடிந்தது கதை. இப்போதிருந்தே வீட்டில்கூட அப்படியே பேசச் சொல்லுங்கள்.